காப்புக் காலத்து மீன்கள்

“உசிரோட இருக்கிற மீன் கவுச்சியா, இல்லியா?”

கேட்டவர் கோயில் கமிட்டித் தலைவர் வேலுசாமி. தோட்டத் தொழிலாளர் லயத்துக் குசினிக்குப் பின்னால், நீலப் பீப்பாய்க்கும் தலைவருக்கும் நடுவில் ஏழுமலை நின்றுகொண்டிருந்தார். பீப்பாய்க்குள் திலாப்பியா மீன்கள் சந்தோஷமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மாரியம்மன் திருவிழா நெருங்கிவிட்டது என்று அவற்றுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

“சமைக்கலியே தலைவரே,” என்றார் ஏழுமலை.

“சமைக்காட்டி என்ன? நாளைக்குக் காப்புக் கட்டுறோம். கட்டினா திருவிழா முடியிற வரைக்கும் எந்த வீட்டுலயும் மீன், எறைச்சி, முட்டை இருக்கக் கூடாது. அதுலயும் நீங்க கரகம் எடுக்கிற ஆளு!”

கரகம் என்றதும் ஏழுமலை தலையை ஆட்டிவிட்டார்.

மகன் நிரோஷன் சின்ன வயதில் டெங்கிக் காய்ச்சலோடு இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, “புள்ளயக் குடு தாயே, கரகம் எடுக்கிறேன்” என்று அவர் நேர்ந்திருந்தார். பிள்ளை பிழைத்தான், வளர்ந்தான், கொழும்புக்கு வேலைக்கும் போய்விட்டான். கரகம் மட்டும் கிடைக்கவில்லை. வருஷா வருஷம் அது தலைவரின் சொந்தக்காரர் எவருடைய தலையிலாவது ஏறிவிடும். இந்த வருஷம் தலைவரின் மருமகன் சுதாகரன் கால் சுளுக்கிக்கொண்டதால் ஏழுமலைக்கு வந்தது. நேர்த்தியைத் தீர்க்காமலே செத்துப்போவோமோ என்று அவர் உள்ளூரப் பயந்துபோயிருந்தார். ஊர் சிரிக்கும் என்று அதை யாரிடமும் சொன்னதில்லை.

மீனை வளர்க்கச் சொன்னதும் அதே நிரோஷன்தான். போனில் எதையோ பார்த்துவிட்டு ஒரு சின்னத் தண்ணீர் மோட்டரோடு வந்து இறங்கினான்.

“கீழ மீன், மேல தட்டுல சரளைக்கல்லு, அதுல கீரை. மண்ணே வேணாம்ப்பா. மீன் கழிவு கீரைக்குச் சாப்பாடு. கீரை தண்ணியச் சுத்தமாக்கித் திருப்பி மீனுக்கே விட்டுரும். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்.”

ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லப்பட்ட அந்த நாளிலிருந்து ஏழுமலைக்கு உட்கார நேரமில்லை. ஆற்றிலிருந்து சரளைக்கல் சுமந்தார். கல்லைக் கழுவினார். கரண்ட் போனால் மோட்டர் நிற்கும். அப்போதெல்லாம் ஜக்கால் தண்ணீர் மொண்டு தட்டில் ஊற்றினார். முதலில் விட்ட மீன்கள் விடிவதற்குள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. யட்டியாந்தோட்டையில் மீன் கடை வைத்திருக்கும் நஜீப்பிடம் போய் நின்றார்.

“எந்தப் பீப்பாய்ல விட்டீங்க?”

“ரப்பர் ஸ்டோர்ல சும்மா கெடந்தது. நல்லாத்தான் கழுவினேன்.”

அவர் கொண்டுபோயிருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்த நஜீப், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அண்ணே, இது அமோனியா பீப்பாய்! கண்ணு எரியுது. ஒங்களுக்கு மணக்கலியா?”

மணக்கவில்லை. ஸ்டோர் என்கிற தோட்டத்து ஆலையில் ரப்பர் பாலோடும் அமோனியாவோடும் ஆயுசைக் கழித்த மூக்கு அது. ஏழுமலைக்கு முன்பே அது ஓய்வுபெற்றுவிட்டது.

வேறு பீப்பாய் வந்தது, வேறு மீன் வந்தது. இப்போதுதான் மீன் பிழைத்து, கங்குன் கீரையும் தட்டு நிறைய எழும்பியிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் காப்பும் வந்து சேர்ந்தது.

“லூர்தம்மா வீட்டுல விடுங்க,” என்றாள் மனைவி பிரேமலதா, தலைவர் போன பிறகு. “அவங்க வேதக்காரங்க. அவங்களுக்கு ஏது காப்பு? ஆனா யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க. கரகம் எடுக்கிற ஆளு மீன் மேய்க்கிறாருன்னு கதை கட்டிருவாங்க.”

லயத்தின் கடைசி வீடு லூர்தம்மாவுடையது. அவள் மறுபேச்சில்லாமல், துணி ஊறவைக்கும் பெரிய பேசனைக் கழுவிக் கொடுத்தாள். மீன்கள் அவள் குசினிக்குப் பின்னால் குடியேறின.

“இருக்கட்டும்ணே. நம்ம வீட்டுல எடமா இல்ல? யாரு எதக் கொண்டாந்து வச்சாலும் நான் வேணாமுன்னு சொல்றதில்ல.”

நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டு ஏழுமலை வீட்டுக்கு வந்து, கொஞ்சம் படுக்கலாம் என்று பாயை விரித்தார்.

“மீன் வாயப் பொளக்குதுண்ணே!” என்று லூர்தம்மாவின் குரல் கேட்டது.

பேசனில் மோட்டர் இல்லை. மோட்டரைக் கழற்றிக்கொண்டு போனால் கங்குன் காய்ந்துவிடும். போகாவிட்டால் மீன் செத்துவிடும். யோசித்துப் பார்த்து மோட்டரைக் கீரைக்கே விட்டுவிட்டு, காலையும் மாலையும் தானே மோட்டராக மாறினார். பேசன் பக்கத்தில் குந்தி, ஜக்கால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினார். விரதத்தில் ஒருவேளைச் சாப்பாடு. முதுகு விண்விண் என்று தெறித்தது.

இரண்டொரு நாளில் கங்குன் மஞ்சளடித்தது. மீன் இல்லாத தண்ணீரில் கீரைக்கு என்ன இருக்கிறது? பேசனில் அழுக்கான தண்ணீரை வாளியில் அள்ளி வந்து பீப்பாயில் ஊற்றத் தொடங்கினார். கீரை தேறிற்று. ஆனால் லயத்துப் படிகளில் ஏறி இறங்கும்போது வாளி தளும்பி, அவர் கட்டியிருந்த மஞ்சள் வேட்டியெல்லாம் மீன் தண்ணீர்.

“ஏழுமலண்ணே போனா மீன் சந்தை போற மாதிரி இருக்கு,” என்று பீலியில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

அவருக்குத்தான் ஒன்றும் மணக்காதே! பிரேமலதா சொன்ன பிறகு மஞ்சள் கரைத்துத் தலையோடு ஊற்றிக்கொண்டார். சாம்பிராணிப் புகையில் நின்றார். முடித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“இப்ப எப்பிடி இருக்கு?”

அவள் ஒருதரம் மூச்சை இழுத்தாள். “முந்தி பச்சை மீனு. இப்ப மஞ்சத் தடவி, பொரிக்கிறதுக்கு ரெடியா இருக்கீங்க.”

கரகத்துக்கு இரண்டு நாள் இருக்கையில், சாயங்காலம் வழக்கம்போல லூர்தம்மா வீட்டுப் பின்பக்கம் போனார். குசினிக்குள் அடுப்பில் ஏதோ படபடவென்று பொரிந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால், சட்டியில் கருவாடு.

“ஒங்க வேதத்துல இது தவக்காலந்தானே லூர்தம்மா? நீங்க இதெல்லாம் தொட மாட்டீங்களே?”

“நான் எங்கண்ணே திங்கிறேன்? வீட்டுக்கு வர்றவங்க கேட்டா பொரிச்சுக் குடுக்கிறதுதான்.”

யார் வருகிறார்கள் என்று கேட்க அவருக்குத் தெம்பில்லை. ஜக்கைக் கையில் எடுத்ததுமே போன் அடித்தது. வீடியோவில் நிரோஷன்.

“மீனக் காட்டுங்கப்பா!”

பேசனுக்கு மேலே போனைப் பிடித்தார். காது கேளாதவரிடம் பேசுகிறவன் போல அவன் கத்தினான். “அட, நல்லா சதை புடிச்சிருச்சே! எப்பிடிப்பா இருக்கு?”

“நல்லா இருக்குப்பா,” என்றார் ஏழுமலை, மெதுவாக.

“முள்ளு பாத்து சாப்பிடணும், என்ன!” என்று சிரித்துவிட்டு அவன் போனை வைத்தான். குசினிக்குள் யாரோ புரையேறி இருமினார்கள்.

மறுநாள் சாயங்காலம் தலைவர் வேலுசாமி கமிட்டிக்காரர்களோடு ஏழுமலை வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“ஏழுமல, கரகம் ஒங்களுக்கு இல்ல. சுதாகரனுக்குக் கால் சரியாயிருச்சு. அவன் எடுப்பான்.”

“ஏன் தலைவரே?”

“காப்புக் கட்டின லயத்துல, அடுத்த வீட்டுக் குசினியில குந்தி மீன் திங்கிறீங்க. கேட்டா ‘நல்லா இருக்கு’ங்கிறீங்க. மகன் போன்ல முள்ளு பாத்து திங்கச் சொல்றான். இல்லேன்னு சொல்லுங்க பாப்பம்!”

“யாரு பாத்தது?”

“பாத்தவங்க பாத்தாங்க. ஏன், ஒங்க மேல அடிக்கிற வாடை பத்தாதா?”

ஏழுமலைக்கு அழுகை வந்துவிட்டது. பசியும் முதுகுவலியும் ஒருபக்கம், இத்தனை வருஷக் காத்திருப்பு ஒருபக்கம். கமிட்டிக்காரர்கள் முன்னால் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நான் ஒரு துண்டு மீன் வாயில வைக்கல. மீனு உசிரோட லூர்தம்மா வீட்டுல இருக்கு. வந்து எண்ணிப் பாருங்க. எம்மவன் உசிருக்காக நேந்தது தலைவரே. நான் பொய் சொல்லுவனா?”

“எதுக்கு அங்க போயி? வேணாம், வேணாம்,” என்று தலைவர் பின்வாங்கினார்.

கமிட்டிக்காரர்கள் விடவில்லை. பார்த்துவிட்டே முடிவு எடுப்போம் என்று முன்னால் நடந்தார்கள். தலைவர் வேறு வழியில்லாமல் பின்னால் வந்தார். பிரேமலதாவும் வந்தாள். பீலிப் பக்கம் நின்றவர்களும் வாளியைப் போட்டுவிட்டுச் சேர்ந்துகொண்டார்கள். லூர்தம்மா வீட்டு வாசலுக்கு வந்தபோது லயத்தில் பாதிப்பேர் அங்கே நின்றார்கள்.

இத்தனை பேரைக் கண்டதும் தலைவருக்குப் பழைய தெம்பு திரும்பிவிட்டது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“எல்லாரும் கேட்டுக்குங்க! மீனு உசிரோட இருந்தாலும் சரி, செத்தாலும் சரி. நம்ம வீட்டுக் கவுச்சிய அடுத்த வீட்டுல கொண்டுபோயி ஒளிச்சு வச்சா அது நம்ம கவுச்சி இல்லேன்னு ஆயிருமா? மனுசன ஏமாத்தலாம், அம்மாள ஏமாத்த முடியுமா? அப்பிடிச் செய்றவன் யாரா இருந்தாலும் கரகத்தத் தொடக் கூடாது, கோயில் படியே ஏறக் கூடாது!”

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். ஏழுமலையும் சேர்ந்து ஆட்டினார். எதிர்த்து நிற்க அவரிடம் சக்தி மிச்சமில்லை.

சத்தம் கேட்டு லூர்தம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள், ஏழுமலையைப் பார்த்தாள், கடைசியில் தலைவரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

“வாங்க தலைவரே, என்ன இன்னைக்கு முன்வாசலால வந்திருக்கீங்க? ஒங்க கருவாட்டப் பொரிச்சு வச்சு எவ்வளவு நேரமாச்சு, ஆறிப்போகுதே!”