கெர்னல் வாசலில் அறுபது நொடி

வாழ்க அவள்! பத்து விரலும் பத்துப் புரவியாய்ப் பாய்ந்தோடும் விசைப்பலகை வீராங்கனை வாழ்க! பால் பொங்குமுன் அடுப்பை அணைப்பவளும், லிஃப்ட் வருவதற்குள் மூன்று மாடி ஏறிவிடுபவளும், எதிர்முனையில் இருப்பவர் 'ஹலோ' சொல்லி முடிப்பதற்குள் 'சரி, வச்சிடறேன்' என்று போனை வைப்பவளும், ஆகவே வீட்டார் அனைவராலும் 'அவசரம்' என்றே அன்புடன் அழைக்கப்படுபவளுமான அந்த மென்பொருள் மங்கை வாழ்க! ஆற்றல் அனைத்தும் அவளுக்கு வாய்த்திருந்தது. பொறுமை மட்டும் வாய்க்கவில்லை. அந்தக் குறை ஒன்றினால் விளைந்த பெரும்போரைப் பாட வந்தோம். கேட்பவர்கள் சற்றே பொறுமையுடன் கேட்பீராக.

போர் எதன்பொருட்டு? மண்ணின்பொருட்டு அன்று, பொன்னின்பொருட்டும் அன்று. ஒரு தொண்டையின்பொருட்டு. அது அவசரத்தின் அண்ணியுடைய தொண்டை. கண் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் எட்டாண்டுகள் வீற்றிருந்து, நாள்தோறும் நூறு பேரை டோக்கன் எண் சொல்லிக் கூவியழைத்துக் கூவியழைத்து, சென்ற மாதம் அத்தொண்டை கரகரத்துக் கம்மிப் போயிற்று. குரல்நாணில் சிறு முடிச்சு என்றார் தொண்டை மருத்துவர். ஒரு மாதம் உரக்கப் பேசலாகாது, பேசினால் கத்தி வைக்க நேரிடும் என்று சீட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடும் இட்டார். அவசரம் விடுதியில் தங்கிப் படித்த நான்காண்டும் ஒருநாள் தவறாமல் போனில் வந்து, 'சாப்பிட்டியா? என்ன சாப்பிட்ட? பொய் சொல்லாத' என்று விசாரித்த குரல் அது. அக்குரல் போய்விடுமோ என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடிக்கவும் பொறுமையின்றி உடனே புரோகிராம் எழுத உட்கார்ந்துவிட்டாள்.

உட்காருமுன் சூளுரைத்தாள்: "இனி என் அண்ணி கூவ மாட்டார்! எண்ணைப் பலகை காட்டும்! மேசைக்கடியில் கிடக்கும் பழைய கணினியே அப்பலகைக்கு ஆணையிடும்!"

மருத்துவமனையின் அரசியாகிய டாக்டரம்மாவும் ஆணை பிறப்பித்தார். "திங்கக்கிழமை பத்து மணிக்கு போர்டு ஓடணும். ஓடலேன்னா பழையபடி உங்க அண்ணிதான் கூப்பிடணும், எனக்கு வேற ஆள் கிடையாது. அப்புறம், மணி கிணி எதுவும் அடிக்கக் கூடாது. ஹால் அமைதியா இருக்கணும்."

அவ்வாறே ஒலியற்ற மூன்று திரைகள் கூடத்தின் மூன்று சுவர்களிலும், ஏணியின்றி எட்டாத உயரத்தில் ஏற்றப்பட்டன. ஞாயிறு மாலை, ஆளரவமற்ற கூடத்தில், நாற்காலிகள் மட்டுமே சாட்சியாக ஒத்திகை நடந்தது. மறுநாளைய டோக்கன் எண்கள் ஒன்று முதல் நூற்று நான்கு வரை பிசகின்றித் தோன்றின. அண்ணி சத்தமில்லாமல் கை தட்டினாள்.

திங்களும் வந்தது. மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. கூடம் நிறைந்து கிடந்தது. நர்ஸ் வரிசையாக வந்து எல்லோர் கண்ணிலும் சொட்டு மருந்து விட்டுப் போயிருந்தாள். கண்பாவை விரிய வேண்டுமல்லவா? விழியைத் திறந்தால் மருந்து வழிந்துவிடும் என்று அண்ணி எட்டாண்டுகளாகச் சொல்லிவந்த சொல்லுக்குக் கட்டுப்பட்டு, வரிசை வரிசையாய், இமை சாத்தி, மடியில் கை வைத்து, பெருந்தவம் இயற்றுவாரைப் போல அவர்கள் அமர்ந்திருந்தனர். இடம் போதாமையால் துணைக்கு வந்தவர்களை வராந்தாவுக்கு அனுப்பியாயிற்று. மூன்று சுவர்களிலும் செக்கச்செவேலென்று பூஜ்யம் ஒளிர்ந்தது. எல்லாம் சரியாக இருந்தது. அத்தோடு எழுந்து போய் ஒரு காபி குடித்திருந்தால் இந்தக் காவியமே பிறந்திராது.

ஆயின் விதி அவசரத்தின் காதில் ஓதியது: கண் ஆஸ்பத்திரியில் சிவப்பு எழுத்தா? பச்சையாக இருந்தால் கண்ணுக்கு இதமாக இருக்காதா? ஓடுகிற புரோகிராமைத் திறப்புவிழாவுக்கு எட்டு நிமிடம் இருக்கையில் தொடாதே என்று இத்தொழிலில் உள்ளோர் அனைவரும் அறிவர். அறிந்தும் அனைவரும் தொடுவர். அவளும் தொட்டாள். புரோகிராமை நிறுத்தினாள், சிவப்பைப் பச்சையாக்கினாள், கையோடு எழுத்தையும் சற்றுப் பெரிதாக்கினாள், மறுபடி ஓடவிட்டாள். அந்தக் கணமே கணினித் திரையில் ஒரு பேரறிவிப்பு எழுந்தது:

"இம்முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது!"

அறிவித்தவர் யார்? கெர்னல்! கணினியின் உள்ளகத்துக்கும் உள்ளே, எவர் கண்ணுக்கும் படாமல் கொலுவீற்றிருக்கும் பெருங்காவலர்! அவர் பெருமையை ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்வது முறையன்று. வெளியே ஓடும் நெட்வொர்க் கம்பியை எந்தப் புரோகிராமும் தன் கையால் தீண்ட முடியாது. எத்துணைப் பெரிய புரோகிராமாயினும் கெர்னலின் முன் வந்து நின்று, 'ஐயா, கம்பியில் பேச எனக்கொரு சாக்கெட் தாருங்கள், இன்ன எண்ணுள்ள வாசலை எனக்கென்று ஒதுக்குங்கள்' என்று விண்ணப்பிக்க வேண்டும். அவர் இசைந்தால் வாசல், அதாவது முகவரி, கிடைக்கும்; கூடத்துத் திரைகள் மூன்றும் அவ்வாசல் வழியேதான் புரோகிராமோடு பேசும். அதன்பின் நெட்வொர்க் அட்டையில் சேதி சுமந்த ஒரு பாக்கெட் வந்து விழுந்ததும், செய்து கொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு அவரே எழுந்து ஓடுவார். உறைக்குள் உறையாக வந்த அதை ஒவ்வோர் உறையாகப் பிரிப்பார். முதலுறையில் இது நம் வீட்டுக்கு வந்ததுதானா என்று பார்ப்பார், அடுத்ததில் எந்த ஊரிலிருந்து என்று பார்ப்பார், அதற்கடுத்ததில் எந்த வாசலுக்கு என்று பார்ப்பார். முன்னது பின்னதாக வந்தவற்றை வரிசைப்படுத்தி, வராததை மீண்டும் அனுப்பச் செய்து, வந்ததற்கு 'வந்து சேர்ந்தது' என்று பதிலும் போட்டு, உள்ளிருக்கும் சேதியை மட்டும் சுத்தமாகத் துடைத்துப் புரோகிராமின் கையில் கொடுப்பார். புரோகிராமோ எல்லாம் தானே செய்ததாக நினைத்துக்கொள்ளும்.

இத்துணைப் பொறுப்பான காவலருக்கு ஒரு பழக்கம் உண்டு. பேசிக்கொண்டிருந்த இருவரில் எவர் முதலில் விடைபெறுகிறாரோ, அவருடைய வாசலை அவர் போன பின்பும் ஒரு நிமிடம் யாருக்கும் தராமல் பூட்டி வைப்பார். கடைசியாகச் சொன்ன 'சரி' வழியில் தொலைந்திருந்தால், எதிராளி மறுபடி கேட்கும்போது பதில் சொல்ல ஆள் வேண்டுமே! எங்கோ கம்பியில் சுற்றித் திரிந்த பழைய பாக்கெட் ஒன்று தாமதமாக வந்தால், புதிதாகக் குடிவந்தவன் அதைத் தனக்கு வந்ததென்று பிரித்துப் படித்துவிடக் கூடாதே! ஆகவே அறுபது நொடி. அதன்பின் வாசல் திறக்கும். 'அந்த நிமிடத்தைத் தள்ளுபடி செய்யுங்கள்' என்று புரோகிராமில் ஒரு வரி எழுதி முன்கூட்டியே கேட்டிருந்தால் அதற்கும் அவர் இசைந்திருப்பார். அப்படியொரு வரி உண்டென்பது அவசரத்துக்கு அடுத்த வாரம்தான் தெரியவந்தது.

ஆகவே அவள் போர் தொடுத்தாள். ஓடவிட்டாள், மறுத்தார். மீண்டும் ஓடவிட்டாள், மீண்டும் மறுத்தார். விசைப்பலகை அதிர, மேசை நடுங்க, மேசைமேல் வைத்திருந்த டோக்கன் கட்டு சரிந்து கீழே விழ, பதினொரு முறை முட்டினாள். பதினொரு முறையும் அதே அறிவிப்பு, கோபமோ சலிப்போ இல்லாமல், ஓர் எழுத்துக்கூட மாறாமல் வந்தது. பன்னிரண்டாம் முறை கதவு திறந்தது. தன் தோள்வலிமைக்குத்தான் கோட்டை வீழ்ந்ததென்று அவள் மார்தட்டினாள். உண்மையில் நிமிடம் முடிந்திருந்தது.

மூன்று சுவரிலும் பச்சை மலர்ந்தது. எழிலென்றால் அது எழில்! ஆனால் நூற்று நான்கைப் போட்டுப் பார்த்தபோது, நான்கு திரைக்கு வெளியே போய் வெறும் பத்து நின்றது. அடக் கடவுளே! உடனே நிறுத்தினாள், இருபது நொடியில் எழுத்தைச் சுருக்கினாள், ஓடவிட்டாள். "இம்முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது!"

இம்முறை போனை எடுத்துத் தேடிப் படித்தாள். படித்து அதிர்ந்தாள். எதிரியிடம் வாளில்லை, வேலில்லை; ஒரு நிமிடம் மட்டுமே இருந்தது. அதைவிடக் கொடிய படைக்கலம் அவள் வாழ்நாளில் கண்டதில்லை. நகத்தைக் கடித்தாள். நாற்காலியில் சுழன்றாள். வேறு வாசல் எண்ணுக்கு மாறிவிடலாமா? மாறினால் மூன்று திரைகளுக்கும் ஏணி வைத்து ஏறிப் புது எண்ணைச் சொல்லியாக வேண்டும். ஏணியோ பக்கத்துக் கட்டடத்து எலெக்ட்ரீஷியனிடம் இருந்தது. அவள் இவ்வாறு தவித்த தவிப்பிலேயே நிமிடம் கரைந்து, வாசல் திறந்து, நூற்று நான்கும் முழுதாய் வந்து நின்றது.

அத்தோடாவது விட்டாளா? திரையின் வலதோரத்தில் மயிரிழை போல் ஒரு வெள்ளைக் கோடு. அவளைத் தவிர இப்பூவுலகில் எவர் கண்ணுக்கும் தெரியாத கோடு. கை தானாகப் போய்ப் புரோகிராமை நிறுத்திற்று. அப்போது மணி ஒன்பது ஐம்பத்தெட்டு, ஐம்பது நொடி.

கோட்டை அழித்தாள். மணியைப் பார்த்தாள். உள்ளறைக் கதவு திறந்து மூடும் ஓசை கேட்டது. டாக்டரம்மா வந்துவிட்டார். அண்ணி மேசையருகே வந்து நின்று, இருண்டு கிடந்த மூன்று சுவர்களையும் பார்த்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்து, கூவுவதற்குத் தயாராகத் தொண்டையை நனைத்துக்கொண்டாள். அதைக் கண்டதும் அவசரத்துக்கு உயிரே போயிற்று.

"அண்ணி, வேணாம்! இதோ ஆயிடுச்சு. ஒரு நிமிஷம் சும்மா உட்காரணுமாம். என்னால முடியல அண்ணி. நான் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடறேன்."

ஐயகோ! அந்தப் பழங்கணினி அணைந்தால் துயிலெழ ஏழு நிமிடம் ஆகும். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அவள் வலக்கை மேசைக்கடியில் நீண்டது. சுட்டுவிரல் கணினியின் பொத்தானைத் தொட்டது. ஓர் அரிசிமணி அளவு அழுத்தினால் அண்ணியின் தொண்டை அன்றே கத்திக்குப் போகும்.

அப்போது அண்ணி குனிந்து அந்தக் கையைப் பிடித்தாள். இன்னொரு கையையும் பிடித்தாள். கெர்னலை அவள் அறியாள், பாக்கெட்டை அறியாள். ஆனால் ஒரு நிமிடம் சும்மா உட்கார முடியாதவர்களை எட்டாண்டுகளாக நாளுக்கு நூறு பேர் வீதம் அறிந்தவள். காற்றாய்த் தேய்ந்த குரலில் சொன்னாள்:

"சொட்டு விட்டாச்சுன்னு வச்சுக்கோ. கண்ண மூடு. நான் சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது."

"அண்ணி…"

"மூடுடி."

மூடினாள். பத்துப் புரவிகளும் அண்ணியின் உள்ளங்கைக்குள் துடித்தன, முரண்டின, பிறகு மெல்ல அடங்கின. அவள் பிறந்தது முதல் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை. காதோரம் அண்ணி எண்ணிக்கொண்டிருந்தாள்: முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. அந்தக் கரகரப்பைக் கேட்கக் கேட்க அவசரத்தின் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. மருந்துதான் வழிகிறது என்று நினைத்தாளோ என்னவோ, அண்ணி தன் தோளால் அதை ஒற்றியெடுத்தாள்.

"அறுபது. திற."

ஒரே ஒரு தட்டு. காவலர் வாசலைத் திறந்தார். ஒரு வார்த்தை மறுப்பின்றி, ஒரு கேள்வியின்றி, எந்நாளும் அவளுக்காகவே காத்திருந்தவர் போலத் திறந்தார். மூன்று திரைகளும் மூன்று திசையிலிருந்து ஓடிவந்து கைகுலுக்கின. கூடத்துப் பெரிய கடிகாரத்தின் முள் பத்தைத் தொட்டது. உள்ளறையில் டாக்டரம்மா அடுத்த எண்ணை வரவழைக்கும் பொத்தானை அழுத்தினார். அழுத்தியதுதான் தாமதம், மூன்று சுவர்களிலும் மரகதப் பேரொளியாய், கோடில்லாததாய், குறையில்லாததாய், சிவப்பில்லாததாய் எழுந்து நின்றது ஒன்று என்னும் எண்! வென்றாள் அவசரம்! வென்றது பொறுமை! வாழ்க கெர்னல், வாழ்க அண்ணி, வாழ்க அறுபது நொடி!

ஒருவரும் எழவில்லை.

பலகை ஒளிர்ந்தது. கூடம் அமைதியாக இருந்தது. முன்வரிசையில் ஒன்றாம் எண் டோக்கனைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்த பெரியவர், மூடிய கண்ணோடு பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பிக் கேட்டார்: "நம்பர் போட ஆரம்பிச்சுட்டாங்களா?"

பக்கத்து நாற்காலி அம்மாள், மூடிய கண்ணோடு சொன்னாள்: "தெரியலீங்களே, நானும் கண்ண மூடிட்டுத்தான் இருக்கேன். கூப்பிடுவாங்க, இருங்க."

அவசரம் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி அவசரத்தைப் பார்த்தாள். இருபதாண்டுகளாகக் கண்ணையன்றி வேறொன்றும் பாராத டாக்டரம்மா, உள்ளறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, பலகையைப் பார்த்து, மூடிய கண்களின் வரிசையைப் பார்த்து, மெல்லக் கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கவும் தொண்டை இடம் தரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கிவிட்டு, கண்ணைத் துடைத்து, எட்டாண்டுப் பழக்கத்தில் மூச்சை இழுத்தாள்.

அவசரம் எட்டி அந்த வாயைப் பொத்தினாள்.

அன்றைக்கு மாலை வரை நூற்று நான்கு பேரையும் அவசரம்தான் நின்று கூப்பிட்டாள்.