மைக்செட் மாமா சாய்த்துப் பிடித்த பத்திரிகை

பிள்ளைகளே, கேளம்பாக்கத்தில் மைக்செட் மாமா தும்மினால் திருவிடந்தைக் கடலில் போகிற படகு திரும்பிப் பார்க்கும். அப்படி ஒரு குரல் இனி எவனுக்கும் வராது. ஷேர் ஆட்டோ ஓட்டினார், ஹாரனைத் தொட்டதே இல்லை. "ஓரம் போ நைனா!" என்பார். லாரியே ஒதுங்கும்.

எங்கள் தெருவில் யாருக்கு நிச்சயதார்த்தம் என்றாலும் சபையில் லக்னப் பத்திரிகை படிப்பது அவர்தான். ஒருமுறை அவர் படித்த சத்தத்தில் பக்கத்து மண்டபத்துக்காரர்கள், "எங்க மாப்ள பேரு மாறிடுச்சா?" என்று அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

அவருக்குத்தான் பக்கவாதம் வந்தது. கை, கால், பேச்சு எல்லாம் தேறிவிட்டன. பார்வையில் மட்டும் வலது பாதி போய்விட்டது, இரண்டு கண்ணிலும். ஆட்டோ போயிற்று.

"இன்னாடி, பாதி தோசதான் ஊத்துனியா?" என்று கத்துவார். அத்தை தட்டைத் திருப்பி வைப்பார். "இந்தா, மீதி."

"இத மொதல்லயே குட்த்தா இன்னா?"

படிப்புதான் பெரிய பேஜாரு. ஒரு வார்த்தையைப் பார்த்தால் அடுத்த வார்த்தை கண்ணில் படாது, தடவிக்கொண்டு நிற்பார். அந்த நேரம் பார்த்து அவருடைய ஒரே மகள் பவானிக்கு நிச்சயம் குறித்தார்கள்.

"உனக்குதான் மனப்பாடமாச்சே, ஒப்பிச்சுடு" என்றார் அத்தை.

"ஊரு பொண்ணுங்க பேரெல்லாம் பாத்து படிச்சேன். எம் பொண்ணு பேர பாக்காம சொல்றதா?"

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பக்கவாதம் வந்தவர்களுக்குப் பயிற்சி தரும் ஓர் அம்மா வழி சொன்னார். "தாளைப் பக்கவாட்டுல திருப்பிப் பிடிங்க. வரி மேலேருந்து கீழே இறங்கும். அடுத்த வார்த்தை ஒளிஞ்சுக்காது."

அவ்வளவுதான்! சோப்பு உறை, பேப்பர், மளிகைப் பொட்டலம் எல்லாம் வீட்டில் சாய்ந்தன. காலண்டரையே படுக்க வைத்து ஆணி அடித்தார். தேதி பார்க்கப் போனவனெல்லாம் கழுத்து சுளுக்கித் திரும்பினான். ஆனால் மாமா படித்தார். மெதுவாக, ஒரு வார்த்தைகூட விடாமல்.

நிச்சயத்தன்று சபையில் எழுந்தார். பத்திரிகையைச் சாய்த்துப் பிடித்து ஆரம்பித்தார். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒரு சிரிப்பு. "பொண்ணோட அப்பாவுக்கு எழுத்து தெரியாதா?"

அத்தையின் தம்பிக்கு மானம் போய்விட்டது. "நேரா புடி மாமா" என்று அன்பாகவே தாளைத் திருப்பிக் கொடுத்தான். மாமா வரியைத் தேடினார், தேடினார். கிடைக்கவில்லை. அவனே வாங்கி, சிலிண்டர் புக் பண்ணும்போது போனில் வரும் குரல் மாதிரி மளமளவென்று படித்து முடித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். மாமாவும் தட்டினார்.

பந்தியில் கேட்டேன். "ஏன் மாமா, திரும்பவும் சாய்ச்சுப் புடிச்சிருக்கலாமே?"

"எல்லாரும் பாத்துகினு இருந்தாங்கடா. பவானிக்கு இன்னாத்துக்கு அசிங்கம்?" என்றார். பக்கத்து இலைக்குக்கூடக் கேட்காத குரல்.

பிறகு அந்தப் பத்திரிகையை நான் பார்த்தேன், பிள்ளைகளே. அவர் நின்றுபோன இடத்துக்கு அடுத்த வார்த்தையே பவானிதான். அந்தப் பேரை அவர் வாயால் கேட்க, மண்டபம் மொத்தமும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாம்.