எல்டனின் சோளமும் மூவர் கமிட்டியும்

வறட்சி நிவாரணம் வராவிட்டால் எல்டன் தன் நாற்பது மாடுகளையும் ஏலத்துக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். குளிர்காலத்துக்குத் தீவனம் வாங்க வேறு வழியே இல்லை. மக்காச்சோளம் மொத்தமும் நின்ற இடத்திலேயே கருகிவிட்டது. ஆனால் இது எல்டனுக்கும் அவர் மனைவி மார்லிசுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

காரணம், எல்டனின் வாய். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் அந்த மாவட்டமே வானத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்த நேரத்தில், மனுஷன் தினமும் காலையில் காபிக்கடையில் உட்கார்ந்து, "நேத்து என் பக்கம் மட்டும் ஒன்றரை இஞ்ச் கொட்டிடுச்சுப்பா. மகசூல் ஏக்கருக்கு நூத்தறுபது புஷலுக்குக் குறையாது" என்று அளந்து தள்ளிவிட்டார். வாயைப் பிளந்து கேட்டவர்கள் லெராய், கர்ட், வெண்டல். நிவாரண மனுக்களைப் பார்த்து முடிவுசெய்ய விவசாயிகள் ஓட்டுப் போட்டு அனுப்பிய கமிட்டியிலும் அதே லெராய், கர்ட், வெண்டல்தான். இதைத்தான் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது.

"நேராப் போய் ஒத்துக்கயேன், நான் விட்டதெல்லாம் புளுகுன்னு" என்றாள் மார்லிஸ்.

"முப்பது வருஷமா கட்டிக்காத்த பேரு, மார்லிஸ்."

"என்ன பேரு?"

எல்டன் பேச்சை மாற்றினார். "இதோ பாரு, நீ போ. திங்கட்கிழமை வரைக்கும் பயிர் ஜம்முன்னு நின்னுச்சு, செவ்வாய்க்கிழமை ஒரு அனல்காத்து வந்து ஒரே மத்தியானத்துல சுட்டுடுச்சுன்னு சொல்லு. மானமும் போகாது, பணமும் வரும்."

"ஒரே மத்தியானத்துலயா?"

"ரெண்டுன்னு வேணா வச்சுக்க."

"உன் வயல்ல மட்டுமா?"

"என் வயல்லதான பயிர் இருந்துச்சு. அது வேற எங்க போய்ச் சுடும்?"

தன் மூளையை நினைத்து எல்டனுக்கே புல்லரித்தது. மார்லிஸ் சமையலறைச் சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பிக்கப் வண்டியைக் கிளப்பினாள். தேதி பார்க்க எடுத்துப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிட்டாள்.

"கிடைச்சிடுச்சு."

"அனல்காத்தை நம்பிட்டாங்களா?"

"அதை நான் சொல்லவே இல்லையே. நம்ம மழைமானியைப் பார்த்துத் தினமும் காலண்டர்ல எழுதி வைப்பேன்ல, அதைக் காட்டினேன். ஜூன்லேருந்து மொத்தமே அரை இஞ்ச்."

"லெராய் என்ன சொன்னான்?"

"'எல்டன் சொன்னதுக்கு நேர்மாறா இருக்கே'ன்னான். 'அவன் சொன்னது என்னைக்குப்பா நேரா இருந்துச்சு'ன்னேன். மூணு பேரும் யோசிச்சுப் பார்த்தாங்க. அப்புறம் ஃபைல்ல வைக்க ஒரு காகிதம் கேட்டாங்க. நானே எழுதிக் கொடுத்துட்டேன். நீ கையெழுத்துப் போட்டாத்தான் பணம்."

எல்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

'மனுதாரர் காபிக்கடையில் மழை, மகசூல், தாம் பிடித்த மீன் ஆகியவை குறித்து இதுவரை கூறியதையும் இனிமேல் கூறப்போவதையும் சாட்சியமாகக் கொள்ள வேண்டாம் எனத் தீர்மானிக்கப்படுகிறது. ஆதரவு மூன்று. எதிர்ப்பு இல்லை. மேற்கண்டது உண்மை என மனுதாரரும் உறுதி கூறுகிறார்.'

"இதுல மீன் எதுக்கு?"

"வெண்டல் சேர்க்கச் சொன்னான்."

வெளியே மாடுகள் கத்தின. இன்னும் நாலு நாள் தீவனம்தான் பாக்கி. எல்டன் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்தைப் போட்டுப் பேனாவை மூடினார்.

"மூடாதே" என்று மார்லிஸ் இன்னொரு பிரதியை நீட்டினாள். "இது காபிக்கடைச் சுவத்துல ஒட்டறதுக்கு."