மைக்ராஸ்கோப்புக்குப் பூசிய மஞ்சள்

ஊதா விளக்கைப் போட்டு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்த லேப் டெக்னீஷியன் இசக்கிதுரை பதறிப்போனான். தட்டிலிருந்த செல்கள் பச்சைப் பசேலென்று ஜொலித்தன.

ஜொலிக்கத்தான் வேண்டும். உயிருள்ள செல்லுக்குள் புகுந்து ஒளிரும் நுண்துகளைச் செய்வதுதான் ஒரகடத்திலிருந்த அந்தச் சின்னக் கம்பெனியின் வேலை. ஆனால் இதுவரை எல்லாமே மங்கல்தான். இன்று பெங்களூர் டாக்டர்கள் பார்த்துப் பிடித்துப்போனால் ஆர்டர். இல்லையென்றால் லேபுக்குப் பூட்டு.

திடீரென்று எப்படி இவ்வளவு வெளிச்சம்? அவனுக்கு ஆயுத பூஜை ஞாபகம் வந்தது. லேபுக்குள் பூஜை கூடாது என்று மேனேஜர் ரகுபதி கண்டித்துச் சொல்லியிருந்தார். வாசலில் நிற்கும் வேனுக்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டு, சோறு போடும் மெஷினை மூளியாக விட இந்தத் திருநெல்வேலிக்காரனுக்கு மனசு வரவில்லை. யாருக்கும் தெரியாமல் மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டான். மஞ்சளும் ஊதா விளக்கில் மின்னும். எலுமிச்சைச் சாதம் சாப்பிட்ட கையோடு வந்து, விரல் மின்னி ஒருமுறை மாட்டிக்கொண்டவன் அவன்.

லென்ஸை ஸ்பிரிட்டால் துடைத்தான். வெளிச்சம் கூடியது. அழுத்தித் துடைத்தான். இன்னும் கூடியது. துணியில் மஞ்சள் ஒட்டவே இல்லை. உள்ளே இறங்கிவிட்டது என்று முடிவு கட்டினான். வேறு தட்டை வைத்துப் பார்த்தான். அதுவும் தீபாவளி கொண்டாடியது.

அதற்குள் டாக்டர்கள் வந்துவிட்டார்கள். பார்த்ததும் அசந்துபோனார்கள். துகளின் கலவையை மாற்றியது பலித்துவிட்டது என்று சொல்லும்போதே ரகுபதிக்குக் கண் கலங்கியது. பெரிய டாக்டர் இசக்கிதுரையின் கையைக் குலுக்கி, இவ்வளவு சுத்தமான லென்ஸை எங்கேயும் பார்த்ததில்லை என்று வேறு சொல்லிவிட்டார்.

அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஏமாற்றி வாங்கிய பாராட்டு அல்லவா? அவமானம் தாங்காமல் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டான்.

"தப்பு எம்மேலதான் சார். மைக்ராஸ்கோப்புல நான் மஞ்ச பூசிட்டேன். மின்னுறது அதுதான்."

டாக்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காபி வேண்டாமென்று நாகரிகமாக மறுத்துவிட்டுக் காரில் ஏறினார்கள். ரகுபதி யார் முகத்தையும் பார்க்க முடியாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இசக்கிதுரை படிக்கட்டில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். லேபைக் கூட்டித் துடைக்கிற வடக்குப்பட்டு கங்கம்மாள் வந்து என்ன விஷயமென்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னான். உண்மையையாவது சொன்னோமே என்று அவனுக்குக் கொஞ்சம் ஆறுதல். கார் இந்நேரம் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியிருக்கும்.

கங்கம்மாள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னாபா சொல்ற? சாரு பாத்தா உன் வேலைக்கு உல வெச்சிடுவாருன்னு, பூஜை அன்னிக்கே அந்த மஞ்சள நான் சுத்தமா தொடச்சிட்டனே."