சாரைப்பாம்பின் பூர்வீகம்

சரக்... சரக்... என்று ஒரு சத்தம். ஒரு காட்டில், விளக்கு வைத்து வெகுநேரம் கழித்து, ரோஸ்லின் என்கிற எலியின் வளை வாசலில்.

உள்ளே கண் திறக்காத ஏழு குஞ்சுகள். புருஷன் இரை தேடப் போனவன் திரும்பவில்லை. ரோஸ்லின் கதவைச் சாத்தப் பாய்வதற்குள் ஒரு நீளத் தலை நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது.

வேறு எலியாயிருந்தால் அலறியிருக்கும். ரோஸ்லின் பயிற்சி பெற்றவள். போன ஞாயிற்றுக்கிழமைதான் ஆமை சார் நடத்திய ‘வெளிநாட்டு ஊர்வன கண்டறியும் தன்னார்வலர் முகாமு’க்குப் போய், மசால்வடை தின்று, பேட்ஜ் குத்திக்கொண்டு வந்திருந்தாள். அங்கே சொல்லிக்கொடுத்தது மூன்று: பதறாதே, போட்டோ எடு, புகார் செய். முதலாவது மட்டும் வரவில்லை. மற்ற இரண்டையும் செய்தாள்.

ஆமை சார் உடனே போனில் வந்தார்.

“உடம்புல கட்டம் கட்டமா இருக்காம்மா?”

“இல்ல சார், பழுப்பு. வாயோரம் கறுப்புக் கோடு. சீக்கிரம் வாங்க சார், பிள்ளைங்க இருக்கு!”

“அட, நம்ம சாரைம்மா அது! உள்ளூர்தான். நம்ம லிஸ்ட்லயே வராது. நிம்மதியாத் தூங்குங்க.”

“தின்னுடும் சார்!”

“தின்னும்தான். வெளிநாட்டுக்காரன் தின்னாத்தானேம்மா நமக்கு வேலை?” வைத்துவிட்டார்.

சாரைக்குப் பொறுக்கவில்லை. “என்ன தங்கச்சி, என்னைப் போய் அந்நியன்னு எழுதிட்டியே! தலைமுறை தலைமுறையா உங்க குடும்பத்தைத்தானே தின்னுட்டு வர்றோம்? வேணும்னா உன் மாமனாரைக் கேளு. ஓ... அவர் இல்லைல்ல.”

அடுத்து ரோஸ்லின் சொன்னது பயிற்சியில் இல்லாதது, பயத்தில் வந்தது.

“மன்னிச்சிருங்க அண்ணாச்சி. ஆனா புகார் ஏறிருச்சே. போட்டோவோட போயிருச்சு. விடியறதுக்குள்ள பூர்வீகச் சான்று காட்டலைன்னா, காடு முழுக்க உங்களை வெளிநாடுன்னு ஒட்டிருவாங்க.”

“என்னையா? எங்க பரம்பரையையா?” சாரை சீறியது. “எவன்கிட்ட வாங்கணும் அந்தச் சான்றை?”

“கீரிகிட்ட. அவர்தான் சாட்சிக் கையெழுத்துப் போடணும்.”

“கீரியா? அவன் நம்ம ஊர்க்காரன்தானே! எங்க வம்சத்தையே அவனுக்குத் தெரியும். இந்தா, வாங்கிட்டு வந்து உன்னைக் கவனிச்சுக்கறேன்.”

தலை நிலைப்படியை விட்டு விருட்டென்று பின்வாங்கியது. ரோஸ்லின் கதவைச் சாத்தி, முழு உடம்பையும் கொடுத்து உள்தாழ்ப்பாளைத் தள்ளினாள்.

நீதி: தின்ன வருகிறவனிடம் உயிர்ப்பிச்சை கேட்காதே; அவன் எந்த ஊர் என்று கேள்.