லீவு மாதத்துக்குப் பாதி

"டீச்சர், மே மாசத்துக்கும் பாதிச் சம்பளம் குடுத்துடுங்க."

பாப்பாத்தி சொல்லிப் பார்த்தாள். கேட்டுக்கொண்டிருந்தது கொல்லையில் கட்டியிருந்த ஆடு மட்டும்தான். ஆட்டிடம் சொல்லும்போதே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இருசம்மாள் டீச்சர் முகத்துக்கு நேரே எப்படிக் கேட்பது?

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் அவள் வீடு. வாலிகண்டபுரம் பக்கம் பள்ளிக்கூடங்களுக்கு பஸ் ஏறுகிற நாலு டீச்சர்கள் காலையில் தங்கள் பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போய், சாயங்காலம் வந்து அழைத்துப் போவார்கள். சம்பளத்தை மட்டும் பஸ் ஸ்டாண்டில் சோடாக்கடை வைத்திருந்த அவள் புருஷன் அரியமுத்துவிடம் கொடுப்பார்கள். ஆம்பிளை இருக்கும்போது பொம்பிளை கையில் காசு கொடுப்பது மரியாதையில்லை என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு.

மே வந்தால் பள்ளிக்கூடத்துக்கு லீவு. டீச்சர்களுக்கு லீவிலும் சம்பளம் உண்டு. பாப்பாத்தியின் வயிற்றுக்குத்தான் லீவு கிடையாது. போன வருஷம் அந்த மாதம் முழுக்கக் கூழைக் கரைத்துக் குடித்தே ஓட்டினாள். அதுவும் போதாதென்று, ஜூனில் ஒரு பிள்ளை திரும்பி வரவேயில்லை. இந்த வருஷம் ஒரு சட்டம் போட்டுவிடுவது என்று முடிவு கட்டியிருந்தாள். லீவு மாதத்துக்குப் பாதிச் சம்பளம். கொடுத்தால் பிள்ளைக்கு இடம் பத்திரம்.

"கேட்டுத் தொலைக்காத புள்ள" என்றான் அரியமுத்து. "டீச்சருங்க ரோசக்காரங்க. நாலு புள்ளையும் ஒரே நாள்ல மேட்டுத்தெருக்காரி வூட்டுக்குப் போயிடும்."

"அப்ப மே மாசம் என்னத்தத் திங்கிறதுங்க?"

"எல்லாம் நான் பாத்துக்கறேன். ஆட்டுக்குத் தண்ணி காட்டுனியா?"

ஆடு அவன் தம்பி செல்லமுத்து சந்தையில் வாங்கியதாம். தம்பி வீட்டில் இடமில்லையென்று போன வாரம்தான் அரியமுத்து ஓட்டிவந்து கட்டியிருந்தான். இருசம்மாள் டீச்சர் மகள் கொளஞ்சி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டே பொழுதைப் போக்கினாள்.

மறுநாள் காலை பாப்பாத்தி கண்ணை மூடிக்கொண்டு கேட்டேவிட்டாள்.

இருசம்மாள் டீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "மே மாசத்துக்கா?"

மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு மறந்து நின்ற நாள் பாப்பாத்திக்கு நினைவு வந்தது. கைகள் தாமாகக் கட்டிக்கொண்டன. "பாதிதாங்க டீச்சர்."

"இன்னும் பாதியா?"

அதற்குள் பஸ் ஹாரன் அடித்தது. டீச்சர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

சாயங்காலம் நாலு டீச்சர்களும் கரண்ட் கம்பத்தடியில் நின்று கிசுகிசுத்தார்கள். இந்த வீட்டைப் பார்ப்பதும் தலையை ஆட்டுவதுமாக இருந்தார்கள். பாப்பாத்தி கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் அவர்களில் சின்னவரான மலர்கொடி டீச்சரைத் தனியாகப் பிடித்தாள்.

"பாதி வேணாங்க. கால் சம்பளம் போதும்னு பெரிய டீச்சர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

மலர்கொடி டீச்சருக்கு முகம் சிவந்தது. "கேக்குறதுக்கும் ஒரு அளவு வேணாமாக்கா? ஒங்கள எவ்ளோ நல்லவங்கன்னு நெனச்சிருந்தேன்!"

கால் சம்பளமே அளவுக்கு மீறியதா? பாப்பாத்திக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்று சோறு குழைந்தது. மத்தியானம் சாப்பிட வந்த புருஷனிடம் நடந்ததைச் சொன்னாள்.

"கேட்டுட்டியா?" அவன் கையிலிருந்த கவளம் தட்டில் விழுந்தது. அவளைவிட அவனுக்குத்தான் அதிகமாக வேர்த்தது. "ஏலாக்குறிச்சியில ஒரு அவசர சோலி. போயிட்டு வரேன்" என்று கையைக் கழுவிவிட்டு அப்படியே பஸ் ஏறிவிட்டான்.

பாவம், என் புத்திகெட்ட வேலையால் இந்த மனுஷன் பிழைப்புத் தேடி ஊர் ஊராய் அலைய வேண்டியிருக்கிறதே என்று அவள் அழுதாள்.

அடுத்த நாள் காலை நாலு டீச்சர்களும் ஒன்றாக வாசலில் வந்து நின்றார்கள். பிள்ளைகளின் சாப்பாட்டுத் தூக்கு ஒன்றுகூட இல்லை. நாலு பிள்ளையும் போனால் அடுப்பில் பூனைதான் படுத்துக் கிடக்கும்.

"அரியமுத்து எங்க?" என்றார் இருசம்மாள் டீச்சர். "சோடாக்கடையும் பூட்டிக் கெடக்கு."

"அவரு ஊர்ல இல்லீங்க. அவரு மேல தப்பே இல்ல, டீச்சர். கேக்காதன்னு தலபாடா அடிச்சுக்கிட்டாரு. நான்தான் கேட்டுட்டேன்."

"கேக்காதன்னு சொன்னாரா?" டீச்சர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் பாப்பாத்திக்கு இருந்த கொஞ்சநஞ்ச தைரியமும் போய்விட்டது.

"பாதியும் வேணாம், காலும் வேணாங்க. மே மாசம் பூரா சும்மாவே பாத்துக்கறேன். புள்ளைங்கள மட்டும் நிறுத்திடாதீங்க." அவள் கொல்லைக்கு ஓடி ஆட்டை அவிழ்த்து இழுத்துவந்தாள். அம்மாவோடு வந்திருந்த கொளஞ்சியும் கூடவே ஓடிப்போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு வந்தாள். "இன்னும் மனசு ஆறலன்னா இந்த ஆட்ட ஓட்டிட்டுப் போங்க. என் கொழுந்தன் ஆடுதான், அவருக்கு நான் பதில் சொல்லிக்கறேன்" என்று கயிற்றை இருசம்மாள் டீச்சர் கையில் திணித்தாள்.

கொளஞ்சி அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"முழு ஆட்டையும் ஓட்டக் கூடாதும்மா, நம்மளுது ஒரு காலுதான். நீங்க நாலு டீச்சரும் குடுத்த மே மாசச் சம்பளத்துல வாங்குன ஆடு, ஆளுக்கு ஒரு காலுன்னு சோடாக்கடை மாமா சொல்லுச்சு!"