மாத்திரைக்கு மசியாத கோத்திரம்

மேலச் சித்திரை வீதி,
ஸ்ரீரங்கம்.

சிரஞ்சீவி மதுசூதனுக்கு, அண்ணா வரது அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. ரங்கநாதன் கிருபையில் இங்கே எல்லோரும் சௌக்கியம், என்னைத் தவிர. கைலாசபுரத்தில் நீயும் வைஜயந்தியும் சௌக்கியம்தானே? உன் ரத்தத்தை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். எனக்குச் சர்க்கரை வாசல் வரை வந்து நிற்கிறது, வைட்டமின் டியும் குறைச்சல் என்று எதிர்வீட்டு டாக்டர் பவித்ரா தை மாதம் வாராந்திர மாத்திரை எழுதிக் கொடுத்தாள். "நெய், எண்ணெய் இருக்கிற சாப்பாட்டோட போட்டுக்குங்க மாமா, அப்பதான் உடம்புல சேரும்" என்றாள். நெய் என்று டாக்டரே சொன்ன பிறகு நான் என்ன செய்வேன்? சனிக்கிழமைதோறும் கோயில் அக்காரவடிசிலோடு விழுங்குகிறேன். பெருமாள் பிரசாதம் இனிப்புக் கணக்கில் வராது என்பது உனக்குத் தெரியும். இவ்வளவு சிரத்தையாக இருந்தும் போன வாரம் பார்த்தால் சர்க்கரை ஏறியிருக்கிறது! அன்றைக்கே பேப்பரில் ஒரு செய்தி: இந்த வைட்டமின் சிலருக்குத்தான் சர்க்கரை வியாதியைத் தள்ளிப்போடுமாம், சிலருக்குப் பிரயோசனமே இல்லையாம், எல்லாம் ஜீன் பாடாம். அப்பாவுக்குக் கால் விரலை எடுத்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நாம் இருவரும் நின்றோமே, அது ஞாபகம் வந்து பயமாக இருக்கிறதடா, நிஜமாகவே. என் ஜீனைச் சோதித்துச் சொல் என்று பவித்ராவிடம் ஓடினேன். "அந்த டெஸ்ட்டெல்லாம் நாங்க பண்றதில்லைங்க மாமா. அண்ணன் தம்பிக்கே அது மாறும். நீங்க தினம் நடங்க, போதும்" என்கிறாள். ஒரே கோத்திரத்தில் எப்படி மாறும்? சரி, ஹம்ஸாவைச் சோதித்துப் பார்ப்போம், கல்யாணமாகி நம் கோத்திரத்துக்கு வந்தவள்தானே என்று யோசனை சொன்னேன். "ஊசியைத் தூக்கிண்டு யாராவது என் கிட்ட வரட்டும், பார்த்துக்கறேன்" என்று உன் மன்னி கரண்டியை ஓங்கிவிட்டாள்.

ஆகவே நீதான் கதி. மூட்டு வலிக்கு நீயும் அதே மாத்திரையை ரொம்ப நாளாய்ப் போடுகிறாய். கடிதம் கண்டதும் சர்க்கரை பார்த்து எழுது. உனக்கும் ஏறியிருந்தால் நம் ஜீன் சரியில்லை, என் மேல் தப்பில்லை. ஏறியிருக்க வேண்டும் என்று தாயார் சந்நிதியில் வேண்டிக்கொண்டிருக்கிறேன், தப்பாக நினைக்காதே.

வைஜயந்திக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் இருவரின் ஆசீர்வாதம். தீர்க்காயுசாக இருக்கவும்.

இப்படிக்கு,
வரது

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வைஜயந்தி போன் செய்தாள். பென்ஷன்காரர்கள் முகாமில் நேற்றுதான் உனக்குப் பார்த்தார்களாம், சர்க்கரை நார்மலாம். மாத்திரையை எதோடு போடுகிறான் என்று கேட்டேன். "கத்தரிக்காய் எண்ணெய்க் கறியோட" என்கிறாள். அப்படியானால் நம் ஜீன் தங்கமான ஜீன். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. இனிமேல் பழி போட எனக்கு யாருமே இல்லை. மிச்சம் இருப்பது அக்காரவடிசில்தான்.